தாளம் போட்டவர் பெயர் என்ன?

சென்ற ஆவணித் திருவிழாக் காலத்தில் ஒருநாட் பிற்பகல், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இசை பயிலும் மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் நாட்டு நாதசுர மரபைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதுகிறாராம். பழைய ஒலிநாடா ஒன்றின் பிரதியைக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தார். அதனைத் திண்ணையில் வைத்து ஒலிக்கச் செய்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், வலிகாமத்துக் கோயிலொன்றின் பூங்காவனத் திருவிழாவன்று, இசையன்பர் ஒருவர் பதிந்துவைத்த மேளக் கச்சேரி அது. வாசித்த கூட்டம் என் தாய்மாமனுடையது.

“முதல் நாதசுரம் ஆர், ஐயா?” என்று கேட்டார். சொன்னேன்.

“தவில்?” முதலாந் தவில், இரண்டாந் தவில் இரண்டையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். சற்றுநேரம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தாளம் போடுறவர் ஆர், ஐயா? ஒரு இடத்திலயும் பிசகேல்லை” என்றார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. தாளம் போட்டவரை எனக்கு நன்றாகத் தெரியும். சிறுவனாயிருந்த காலத்தில் நான்கு ஆண்டுகள் அவருக்கு அருகில் நின்று ஒத்து ஊதியவன் நான். அவர் வெற்றிலை மடிக்கும் விதமும், சால்வையை இடுப்பிற் கட்டும் விதமும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. நாங்கள் அனைவரும் அவரை “அப்பு” என்றே அழைத்தோம். அப்புவின் பெயர் என்ன என்று ஒருநாளேனும் நான் கேட்டதில்லை.

மாணவர் எழுதுகோலைப் பிடித்தபடி காத்திருந்தார். அந்தக் காத்திருப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு கூட்டம் மேளம்

யாழ்ப்பாணத்திலே கோயில் மேளத்தைக் கூட்டத்தால் எண்ணுவது வழக்கம். “முந்தநாள் திருவிழாவுக்கு ஏழு கூட்டம் மேளம்” என்று உபயகாரர் பெருமை பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். கூட்டம் என்றாற் கும்பல் அன்று, ஒரு குழு. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஓர் ஒத்து, ஒரு தாளம் என ஆறுபேர் சேர்ந்ததே பழைய கணக்கில் ஒரு கூட்டம்.

திருவிழா அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். நாதசுர வித்துவான்களின் பெயர்கள் பட்டங்களோடு பெரிய எழுத்தில் இருக்கும். தவில் வித்துவான்களின் பெயர்களும் அப்படியே. பின்னர் “குழுவினர்” என்று ஒரு சொல் வரும். ஒத்துக்காரரும் தாளக்காரரும் அந்தச் சொல்லுக்குள்ளே அடங்கிவிடுவர்.

ஒத்து என்பது பார்வைக்கு நாதசுரம் போன்றது. ஆயினும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கில்லை. அது ஒரே சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். ஊதுபவன் மூக்கால் மூச்சை வாங்கியபடியே கன்னத்திற் சேர்த்த காற்றால் ஊதவேண்டும். மூச்சு அறுந்தாற் சுருதி அறுந்துவிடும். பத்து வயதில் எனக்குத் தரப்பட்ட வேலை அதுதான். இராகம் இல்லை, கீர்த்தனம் இல்லை, ஒரே ஒரு நாதம். கன்னம் வலிக்கும், தூக்கம் கண்ணைச் சுழற்றும். நள்ளிரவில் மேலை வீதியிலே சுவாமி நிற்க, மாமா இராகத்தை விரித்துக்கொண்டு போகும்போது, அந்த இராகம் முழுவதும் என் ஒற்றை நாதத்தின்மேல் நிற்கிறது என்பதை அறியும் வயது எனக்கு அப்போது இல்லை.

ஒத்தின் இடத்தைத் துருத்தியாற் காற்றூட்டும் சுருதிப் பெட்டி முதலில் எடுத்துக்கொண்டது. பின்னர், எழுபதுகளின் இறுதியிற் பெங்களூரிலே உருவான மின்னணுச் சுருதிப் பெட்டி அந்த மாற்றத்தை முடித்துவைத்தது. குழுவிலிருந்து ஒரு மனிதன் குறைந்தான். செலவும் குறைந்தது. அதைக் குறைகூற நான் முன்வரவில்லை. கன்னம் வலித்தவன் எவனும் குறைகூறமாட்டான்.

தாளமோ வேறு வகை. உள்ளங்கையில் அடங்கும் இரண்டு வெண்கலக் கிண்ணங்கள். தட்டுக்கு ஒலிக்கவிட்டு, வீச்சுக்கு அடக்கிப் பிடிக்கவேண்டும். பார்ப்பவர்க்கு இதிலே என்ன வித்தை இருக்கிறது என்று தோன்றும். தனி தொடங்கும்போதுதான் தெரியும். இரண்டு தவில்களும் மாறிமாறிப் பேசும். திஸ்ரத்துக்குப் போகும், கண்டத்துக்குத் திரும்பும். கேட்பவர்களின் கணக்குத் தப்பிவிடும். கூட்டத்தில் விரலெண்ணும் பெரியவர்கள்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். அப்பு எவர் முகத்தையும் பாரார். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். கோர்வை மூன்று முறை சுழன்று, அவர் கை விழும் இடத்திலே வந்து விழும். வீதி முழுவதும் ஆரவாரிக்கும். அது தவிற்காரருக்கு. அப்பு கிண்ணத்தை மடியில் வைத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார்.

ஒருநாள் நான் அவரிடம், “எப்பிடி அப்பு பிசகாமல் அடிக்கிறியள்?” என்று கேட்டேன். “அடிக்கிறது கைக்கு வேலை, தம்பி. தாளக்காரனுக்கு வேலை கேட்கிறது” என்றார். அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. அதை விளக்கிவைத்தது ஓர் ஒலிப்பதிவுக் கூடம்.

மூன்று நிமிட இராகம்

அந்தக் கதைக்கு முன், ஒலிப்பதிவின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1902ஆம் ஆண்டின் இறுதியிலே பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து, புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதை அந்த இசைத்தட்டுகளில் இன்றும் கேட்கலாம். தட்டுகள் அச்சானது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். அங்கே வேலைசெய்வோர் பாடியவர் யாரென அறிந்து தட்டில் ஒட்டும் தாளில் எழுதவேண்டும் அல்லவா? அதற்காகவே அந்த ஏற்பாடு என்பர். உடன் வாசித்தோரின் பெயரை அவ்வாறு சொல்லும் வழக்கம் ஏற்படவில்லை. ஒலிப்பதிவு நம் நாடுகளுக்கு வந்த நாளிலேயே ஒருவர் பெயர் தட்டில் ஏறியது. மற்றவர் பெயர் காற்றோடு போயிற்று.

அக்காலத்துப் பத்தங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமளவே இடம். 1925வரை ஒலிவாங்கி என்பதும் இல்லை. பெரிய கூம்பு ஒன்றின் முன்னே நின்று பாடவேண்டும். கோயில் வீதிக்கென்று பிறந்த நாதசுரத்தையும் தவிலையும் அத்தகைய அறையொன்றுக்குள் அடைப்பது எத்துணை கடினம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! ஆயினும் அந்தத் தட்டுகள் செய்த நன்மை பெரிது. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசிக்க வல்லவர். தட்டிலே கிடைப்பது சில நிமிடத் தோடி. அந்தச் சில நிமிடங்களை என் மாமா தம் கிராமபோனில் எத்தனை நூறு முறை கேட்டிருப்பார் என்று கணக்கில்லை. ஊசி தேய்ந்து, தட்டும் தேய்ந்து, இரைச்சலுக்குள்ளிருந்து தோடி வரும். அந்த இரைச்சலையும் சேர்த்தே எங்களுக்கு அந்த இராகம் பழகிப்போயிற்று.

பின்னர் 1948இல் நீண்டநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு வந்தது. பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடங்கிடைத்தது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய ஒலிநாடாப் பேழையை வெளியிட்டது. அதன் பின்னரே ஒலிப்பதிவு கூடத்தைவிட்டு வெளியேறிக் கோயில் வீதிக்கு வந்தது.

மேலைநாட்டிலே இக்கருவியைப் பற்றி இருவேறு தீர்ப்புகள் எழுந்தன. கனடாவின் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1964இல் மேடைக் கச்சேரியை அறவே விட்டார். ஒலிப்பதிவுக் கூடத்திலே வேண்டியவாறு திருத்தித் திருத்திச் செய்வதே இசைக்கு உரிய வழி என்பது அவர் கொள்கை. உருமேனியாவிற் பிறந்த வாத்தியக்குழு நடத்துநர் செலிபிடாகேயோ தம் வாழ்நாளின் பெரும்பகுதியில் இசைத்தட்டு வெளியிடுவதையே மறுத்துவந்தார். இசை அந்த இடத்தில், அந்த மக்கள் நடுவில், அந்தப் பொழுதில் நிகழ்வது. அதனைத் தட்டில் அடைக்கலாகாது என்பது அவர் நிலை. இருவரும் பெருங்கலைஞர்கள். தனியே அமர்ந்து வாசித்தவர் கூடத்தை விரும்பினார்; பலரைச் சேர்த்து நடத்தியவர் அதனை வெறுத்தார். இது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்ணாடிச் சுவர்

1980ஐ ஒட்டிய காலத்தில், கொழும்பிலிருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்திலே மாமாவின் வாசிப்பைப் பதிந்து ஒலிநாடாவாக வெளியிட ஏற்பாடாயிற்று. அப்பு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். நான் ஆசிரியனாகிவிட்ட போதிலும் விடுமுறை நாட்களில் மாமாவுக்குத் தாளம் போடப் போவதுண்டு. எனவே என்னையும் அழைத்துச் சென்றார். இரவு தபால் வண்டியில் ஏறி விடியக் கொழும்பு சேர்ந்தோம். எல்லோரும் புதுவேட்டி கட்டியிருந்தோம்; யாரும் பார்க்கப்போவதில்லை என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

கூடத்தின் சுவரெல்லாம் மெத்தைபோல் எதையோ பதித்திருந்தார்கள். கைதட்டினால் எதிரொலி இல்லை. மாமா சீவாளியை நாவில் ஈரமாக்கி ஒரு சிறு பிடியை ஊதிப் பார்த்தார். நாதம் வாயைவிட்டு வெளியே வந்த இடத்திலேயே செத்துப்போயிற்று. அவர் முகம் வாடியதைக் கண்டேன்.

ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர். தம் தொழிலை நன்கறிந்தவர். நாதசுரத்தின் ஒலிவாங்கிக்குள் தவிலின் ஓசை புகுவதாகச் சொல்லித் தவிற்காரர் இருவரையும் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலுள்ள அறையில் இருத்தினார். காதுகளிற் பொருத்தும் ஒலிக்கருவி வழியே ஒருவரை ஒருவர் கேட்கலாம் என்றார். அடுத்தபடியாக என் கையிலிருந்த வெண்கலத்தின் ஒலி எல்லா ஒலிவாங்கிகளிலும் ஊசிபோற் குத்துகிறது என்றார். அதுவும் உண்மையே. ஆகவே என்னை வெளியே இருக்கச் சொன்னார். தாளம் இல்லாவிட்டாலும் தவில் இருக்கிறதே என்பது அவர் எண்ணம்.

“நீ வெளியில போனா நான் ஆரைப் பாத்து வாசிக்கிறது, தம்பி?” என்று மாமா மெல்லக் கேட்டார்.

இறுதியில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. நான் மாமாவின் எதிரே அமர்ந்து ஓசையின்றித் தொடையிலே தாளம் போடலாம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து தவிற்காரரும் என் கையைப் பார்க்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு நிமிடத்தில் ஒரு கீர்த்தனம், நான்கு நிமிடத்தில் ஓர் இராகம் என்று எழுதிக் கொடுத்த கணக்கின்படி வாசிப்பு நடந்தது. ஒரு பிசகும் இல்லை. பிசகிய இடத்தை மீண்டும் வாசித்து ஒட்டிக்கொண்டார்கள்.

அன்று நான் கண்டுகொண்டது இதுதான். கோயில் வீதியிலே மாமா ஒரு பிடியில் அமர்ந்து அதனை நீட்டிச் செல்லும்போது, என் கை தானாகவே ஒரு மயிரிழை தளர்ந்து இடங்கொடுக்கும். சுவாமி நகரத் தொடங்கினால் ஒரு மயிரிழை இறுகும். தவில் அந்தத் தளர்ச்சியைக் கேட்டுத் தன் சொல்லை மாற்றும். அதைக் கேட்டு மாமா இன்னொரு பிடிக்குத் துணிவார். யார் யாரை நடத்துகிறார் என்று பிரித்துச் சொல்ல இயலாது. கூடத்திலே அந்தச் சங்கிலி அறுந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் என் கையைக் கண்டனர், கேட்கவில்லை. ஒவ்வொருவரும் சரியாக வாசித்தோம். ஒருவரும் துணியவில்லை.

நாடா வெளிவந்தது. உறையில் மாமாவின் படம். தவிற்காரர் பெயர் உள்ளே சிறிய எழுத்தில். என் பெயர் இல்லை. தாளமே இல்லாத பதிவிலே தாளக்காரன் பெயர் எதற்கு? அதைப் பற்றி எனக்கு அன்றும் வருத்தமில்லை. பரிசாக ஒரு பிரதி தந்தார்கள். மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன்.

வீதியிற் பிடித்த நாடா

எங்கள் குடாநாட்டு மேள மரபு எத்தகைய உயரத்தை எட்டியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இணுவிலிற் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933–1975) தமிழகத்துப் பெருவித்துவான்களும் வியக்க வாசித்து, நாற்பதை ஒட்டிய வயதிலேயே மறைந்துவிட்டார். அளவெட்டி என். கே. பத்மநாதன், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசன், கோண்டாவில் கானமூர்த்தி–பஞ்சமூர்த்தி சகோதரர் ஆகியோரின் நாதசுரத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நல்லூரில் 25 நாள் திருவிழாவும் முடிந்த பின்னரும் காதுக்குள் மல்லாரி ஒலித்துக்கொண்டிருக்கும்.

இவர்களுடைய வாசிப்பாக இன்று நம் கைக்கு எட்டுவனவற்றுட் பல, கச்சேரிகளிலே அன்பர்கள் பதிந்த நாடாக்களாகும். தெட்சணாமூர்த்தி மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தும் இளைஞர்கள் அவர் விரல்வேகத்தைப் பற்றிப் பேசுகிறார்களென்றால் அது இந்த நாடாக்களின் கொடை. ஒலிப்பதிவு வேண்டாம் என்று சொல்பவன் நன்றி மறந்தவனாவான்.

மாணவர் கொண்டுவந்த பதிவும் அத்தகையதே. திருவிழாக்காரரின் உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த கருவியைத் தூணடியில் வைத்துப் பதிந்தது. ஒலிவாங்கி ஒன்றே ஒன்று. குழந்தை அழுகிறது. கடலை விற்பவன் கூவுகிறான். யாரோ “ஆகா” என்கிறார். ஒருமுறை நாடா இழுபடுகிறது. ஒலிப்பதிவாளர் கேட்டாற் காதைப் பொத்திக்கொள்வார். ஆயினும் அறுவரும் அதில் இருக்கிறார்கள். ஒத்து அடியில் ஓடுகிறது. அப்புவின் வெண்கலம் எல்லாவற்றுக்கும் மேலே தெளிவாக ஒலிக்கிறது. தூணடியில் ஒலிவாங்கிக்கு மிக அருகில் அமர்ந்திருந்தவர் அவர்தான் போலும். கரகரப்பிரியாவில் ஓரிடத்தில் மாமா எதிர்பாராத சுரத்தில் நின்றுவிடுகிறார். அப்புவின் கை அந்த மயிரிழை தளர்கிறது. முதலாந் தவில் கணநேரம் மௌனமாகிறது. பின்னர் மூவரும் ஒன்றாக இறங்குகிறார்கள். கொழும்பில் நாங்கள் எத்தனை முறை வாசித்து ஒட்டியிருந்தாலும் அந்தக் கணம் கிடைத்திராது.

சைக்கிள் மிதித்த காலம்

1990இற் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மின்கலமும் கிடைக்கவில்லை. அந்நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டோம். இளையோர்க்கு இது கதைபோலத் தோன்றும்.

மாமா அப்போது படுக்கையில் இருந்தார். மாலையில் அந்தப் பூங்காவன நாடாவைப் போடச் சொல்வார். அயல்வீட்டுச் சிறுவன் சைக்கிளைச் சுழற்றுவான். அவன் கை ஓய்ந்தால் நாடாவின் வேகம் தளர்ந்து தோடி கீழே இறங்கும். உற்சாகம் வந்து வேகமாகச் சுழற்றினால் மேலே ஏறும். “தம்பி, காலத்தை விடாதை” என்பார் மாமா. சிறுவனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆயினும் இரண்டொரு வாரத்தில் அவன் காது பழகிவிட்டது. சுருதி இறங்குவதைத் தானே கேட்டுக் கையை விரைவுபடுத்தத் தொடங்கினான். அன்றிரவு மாமா என்னை நோக்கி, “அப்பு திரும்பி வந்திட்டார்” என்று சொல்லிச் சிரித்தார். கேட்பவனே தாளக்காரன் என்று அப்பு சொன்னது எனக்கு முழுமையாக விளங்கியது அப்போதுதான்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ண நேரமில்லை. நாடாக்கள் அலுமாரியில் நின்றன. திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை. மாணவர் கொண்டுவந்த பதிவு, முன்னரே யாரோ பிரதிசெய்து கனடாவுக்கு எடுத்துச் சென்றமையாற் பிழைத்தது. அவ்வாறு பிழையாதவை எத்தனையோ!

கேளாத தாளம்

இன்று யாழ்ப்பாணத்திலே இளைஞர் பலர் தாமே இசைக்குழு அமைத்துத் தாமே பாட்டெழுதிப் பதிகின்றனர். பெரிய கூடம் வேண்டியதில்லை. அறையொன்றும் கணினியொன்றும் போதும். என் பழைய மாணவர் ஒருவரின் குழு பதிவதை அண்மையிற் போய்ப் பார்த்தேன். முதலில் ஒருவர் கித்தாரை வாசித்துப் பதிந்தார். அடுத்த நாள் இன்னொருவர் வந்து மிருதங்கம். பாடகி மூன்றாம் நாள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் அங்கில்லை. எல்லோரையும் ஒன்றாகக் கட்டுவது காதுக்குள் ஒலிக்கும் இயந்திரத் தாளம். அது ஒருபோதும் பிசகாது.

நான் அதைக் காதில் வைத்துக் கேட்டேன். அப்புவின் வேலையைத்தான் அது செய்கிறது. ஆனால் அது எதையும் கேட்பதில்லை. பாடகி உருகி நின்றாலும் அது நில்லாது. அவள்தான் அதற்கு இசைந்து போகவேண்டும்.

“எங்களுக்கும் அது விளங்குது, சேர்” என்றார் அந்த இளைஞர். “கோயில் மேடையில வாசிக்கேக்கை வாற சந்தோசம் இதில வாறதில்லை. ஆனா எல்லாரும் ஒரே நேரத்தில வர ஏலாது. ஒருத்தருக்கு வேலை, ஒருத்தருக்குப் படிப்பு.” அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் காலத்திலே மேளம் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. அவர்களுக்கோ வேலை முடிந்த பின் கிடைக்கும் இரவு.

அவர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன். ஆண்டுக்கு ஒரு பாட்டையாவது எல்லோரும் ஓரறையில் இருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஓர் ஒலிவாங்கியில் பதிந்து பாருங்கள். பிசகட்டும். அந்தப் பிசகை ஒருவர் கேட்டு மற்றவர் தாங்கும்போது என்ன பிறக்கிறதென்று கேளுங்கள். அடுத்ததாக, அப்பாட்டை வெளியிடும்போது தேநீர் கொணர்ந்தவர் பெயர் விடுபட்டாலும் தாளம் பிடித்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

ஒரு வரி

மாணவரிடம் அன்று நான், “அப்பு” என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். அவர் எழுதவில்லை. “முழுப்பெயர் கிடைச்சால் சொல்லுங்கோ ஐயா, நான் இடம் விட்டு வைக்கிறன்” என்றார். எண்பதை நெருங்கும் தவிற்காரர் ஒருவரிடம் போய் விசாரித்தேன். அவரும் நெடுநேரம் யோசித்து, “அப்புவெண்டுதானே கூப்பிட்டனாங்கள்” என்றார். அந்தக் கூட்டத்தில் இன்று எஞ்சியிருப்பவர்கள் நாங்கள் இருவருமே.

நம் வீடுகளில் இன்னும் சில பழைய நாடாக்கள் இருக்கும். அவற்றைக் கணினிக்கு மாற்றுவோர் இருக்கிறார்கள், நல்ல பணி. ஆயினும் நாடாவைக் காப்பது எளிது. அதில் ஒலிப்பவர் யார் என்று சொல்லக்கூடிய காதுகளைக் காப்பது எளிதன்று. அவை ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஊரிலுள்ள முதியவரொருவரை இருத்தி, அந்த நாடாவைப் போட்டு, ஒத்து யார், தாளம் யார் என்று கேட்டு எழுதிவைப்பார்களானால் அது பெருந்தொண்டாகும்.

அப்புவின் பேர்த்தி ஒருத்தி சுன்னாகத்துப் பக்கம் இருப்பதாக ஒருவர் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே போக எண்ணியிருக்கிறேன். அந்தப் பதிவையும் எடுத்துச் செல்வேன். பாட்டனார் போட்ட தாளத்தை அவள் கேட்டிருக்கமாட்டாள்.